வெள்ளமாவது யாதெனில்

"ஞிமிறு" என்று காசாளர் அகராதியைப் பார்த்து வாசித்ததும், சாப்பாட்டு அறையில் எல்லோரும் பென்சில் முனையைக் கடித்தார்கள்.

அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மதியச் சாப்பாடு முடிந்தால் இதுதான் ஆட்டம். யாருக்கும் தெரியாத சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு பொய் அர்த்தம் எழுதித் தரவேண்டும். அகராதியில் இருக்கும் நிஜ அர்த்தத்தையும் நடுவில் கலந்து காசாளர் வாசிப்பார். எது நிஜம் என்று ஓட்டுப் போட வேண்டும். யாருடைய பொய்யை அதிகம் பேர் நம்புகிறார்களோ, அவருக்கு வெற்றி.

நிஜத்துக்கு மட்டும் ஒருநாளும் ஓட்டு விழாது. அகராதிக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் காசாளருக்கு அதில் வருத்தம்தான்.

"பழைய நாற்காலி போடுற சத்தம்" என்று ஒன்றை வாசித்தார். "வண்டு" என்று இன்னொன்று.

"வண்டாம் வண்டு! வேற ஆளைப் பாருங்க!"

"கதவிடுக்குல விரல் நசுங்கினதும், அலறுறதுக்கு முன்னாடி வாய் மட்டும் திறந்து நிக்கிற நிலை."

அத்தனை கையும் இதற்குத்தான் உயர்ந்தது. எழுதியவள் புதிதாக வந்த டைப்பிஸ்ட். தினமும் அவள்தான் ஜெயிக்கிறாள்.

"என்ன கூத்து நடக்குது இங்க?"

வாசலில் முதலாளி. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

"ஒண்ணுமில்ல சார். ஞிமிறுன்னா என்னன்னு..." என்று காசாளர் மென்று விழுங்கினார்.

"இதுகூடவா தெரியாது? விரல் நசுங்கினதும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறது. நாங்க பள்ளிக்கூடத்துலயே படிச்சதாச்சே!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிற இடம். ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் குடித்துச் சமாளித்தார்கள்.

"இந்த ஆட்டத்துல யாரு கெட்டிக்காரி?"

எல்லோரும் டைப்பிஸ்டைப் பார்த்தார்கள். அவளையும் காசாளரையும் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மழையில நனைஞ்சவன் எல்லாம் வெள்ளத்துக்குப் பணம் கேட்டு வந்து நிக்கிறான். பத்திரத்துல வெள்ளம்னு போட்டிருக்கே தவிர, வெள்ளம்னா என்னன்னு போடல. நீ ஒரு அர்த்தம் எழுது. பாத்தா அகராதி மாதிரி இருக்கணும். எவன் வீட்டுத் தண்ணியும் அதுல அடங்கக் கூடாது. எழுதிட்டா நாளைக்கே உன் வேலை நிரந்தரம். முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

காசாளருக்குக் காலையில் வந்த தையல்காரர் ஞாபகம் வந்தது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். மெஷினெல்லாம் துரு. "அடுத்தவங்க துணியெல்லாம் பாழாப் போச்சும்மா, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று இதே டைப்பிஸ்டிடம்தான் அழுதுவிட்டுப் போனார். இவள் மாட்டேன் என்பாள் என்று காசாளர் மலைபோல் நம்பினார்.

"சரி சார்" என்றாள் அவள்.

புருஷனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் இவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது என்பதெல்லாம் காசாளருக்கும் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மேடையில் நிற்பவர் போல உரக்க வாசித்தார்.

"வெள்ளமாவது, எத்திறத்தானும் புதவம் இகந்து புக்க நாரம் ஆகும், பிறிதன்று." தாளைத் தட்டினார். "அப்படிப் போடு! எவனும் வாயைத் திறக்க முடியாது."

"நாரம்னா என்ன சார்?" காசாளர் கேட்டேவிட்டார்.

முதலாளியின் கண் இரண்டு தரம் இமைத்தது.

"என்னய்யா நீ? அணை உடைஞ்சு ஊரையே வாரிச் சுருட்டிக்கிட்டுப் போகுமே, அதுதான் நாரம். அகராதியைக் கட்டிக்கிட்டு அழறே, இதுகூடத் தெரியல!"

கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வாடிக்கையாளர் எல்லோருக்கும் அனுப்பச் சொன்னார். டைப்பிஸ்டுக்கு நிரந்தர உத்தரவும் அப்போதே கைக்கு வந்தது.

அன்றிலிருந்து காசாளர் அவளை ஆட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. "சில பேரு அடுத்தவன் வயித்துல அடிச்சுத்தான் முன்னுக்கு வர்றாங்க" என்று அவள் காதில் விழும்படி சொன்னார். அவள் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் தையல்காரர் அந்தத் தாளோடு வந்தார்.

"என்ன எழுதியிருக்குன்னே விளங்கல. பணம் கிடைக்குமா, கிடைக்காதா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், போயிடறேன்."

அவர் முகத்தைப் பார்க்கக் காசாளருக்குத் தைரியம் இல்லை. தேடுகிற பாவனையில் அகராதிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

புதவம்: கதவு, வாயில்.

பக்கத்தைப் புரட்டினார். இகத்தல்: கடத்தல், தாண்டுதல்.

இன்னும் வேகமாகப் புரட்டினார். நாரம்: நீர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எப்படி வந்தாலும் சரி, வாசலைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர்தான் வெள்ளம். கீழே முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும் பளிச்சென்று இருந்தன.

"கிடைக்கும்பா. உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் கிடைக்கும். உக்காரு" என்றார்.

தினமும் அகராதியைப் பிரிக்கிறவருக்கு ஒரு வாரமாக இதற்காக ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. கூசிப்போய் டைப்பிஸ்டின் மேஜைக்குப் போனார்.

"தங்கச்சி, என்னை மன்னிச்சுடும்மா. ஆனா, முதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடுமே?"

அவள் நிமிரவே இல்லை. விரல்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தன.

"'எனக்கு அர்த்தம் தெரியாமப் போச்சு'ன்னு அவர் தன் வாயால சொன்னாத்தானே அண்ணே போகும்?"