தினம் ஒரு ஆழாக்கு

பாலக்கரையில் தனியாக வசித்த ரோஷன் பேகத்தின் வாசலுக்கு, பால்காரன் வீரமலையை இழுத்துக்கொண்டு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இந்த ஆளு பித்தளைக் குடத்துக்கு ஈயமே பூசலை. உள்ளே களிம்பு ஏறி, பால் குடிச்ச நாலு பேருக்கு வாந்தி. லைசென்ஸை ரத்து பண்ணப் போறேன். உங்களுக்கு எப்படிம்மா?"

"ரெண்டு வருஷமா தினம் ஒரு ஆழாக்கு வாங்குறேன். எனக்கு ஒண்ணும் ஆகலீங்க."

இன்ஸ்பெக்டர் குழம்பிப்போய், வீரமலையை எச்சரித்ததோடு விட்டுவிட்டுக் கிளம்பினார்.

"காப்பாத்திட்டீங்கம்மா!" வீரமலை கும்பிட்டான்.

"இன்னிக்கே ஈயம் பூசிடுப்பா. நாளைக்கு வராம இருந்துடாதே."

அவன் போனதும், காலையில் வாங்கிய பாலை வழக்கம்போல் மருதாணிச் செடிக்கு ஊற்றினாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குப் பால் ஆகாது.

ஆனால், தினமும் வாசலில் நின்று "இருக்கீங்களாம்மா?" என்று கேட்க, வீரமலையை விட்டால் அவளுக்கு ஆளில்லை.