எதிரொலி இல்லாத அறை

கனமான கதவு மூடியதும் அண்ணனின் குரல் செத்துப்போனது.

ஆள் பேசிக்கொண்டுதான் இருந்தார். வாய் அசைந்தது, விரல் நீண்டது, மீசை துடித்தது. வந்ததென்னவோ, பக்கத்து வீட்டில் யாரோ போர்வைக்குள்ளிருந்து முனகுவது போல ஒன்று.

விமானங்களைச் சோதிக்கும் இந்த நிலையத்தில், வருடத்தில் ஒருநாள் ஊழியர்களின் குடும்பங்களை உள்ளே விடுகிறார்கள். என் மகள் இங்கே இன்ஜினியர். புது விமானத்தைச் சோதனைக்குப் பறக்கவிடும்போது உள்ளே உட்கார்ந்து கருவிகளைக் கவனிக்க அவளைக் கூப்பிட்டுச் சில மாதமாகிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் ஏறுவேன், இல்லையென்றால் இல்லை என்று நிற்கிறாள்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எங்கள் வீட்டில் இடமே கிடைக்கவில்லை. என் மனைவி வாயைத் திறப்பாள். அண்ணன் தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிடும்.

வெண்கலக் குரல். அவர் தும்மினாலே தெருவில் ரெண்டு பேர் "சரிங்க" என்பார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணு என்ன சோதனை எலியா?" என்று அவர் கேட்ட நாளிலிருந்து ஜன்னல் கண்ணாடிகூட எதிர்த்துப் பேசவில்லை.

காலையிலிருந்து இங்கேயும் அதே கச்சேரி. விமானம் நிறுத்தும் கொட்டகையில், சுற்றிக்காட்ட வந்த அதிகாரிக்கே விமானம் எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். உயரமான கூரை. ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்டது. அவருக்குப் பரம திருப்தி.

அப்புறம்தான் மகள், "இப்படி வாங்க பெரியப்பா" என்று இந்த அறைக்குக் கூட்டி வந்தாள். இன்ஜின் சத்தத்தை அளக்கும் இடமாம். சுவரிலும் கூரையிலும் கூர்கூராகப் பஞ்சு. நாங்கள் நின்ற கம்பிவலைக்குக் கீழேயும் பஞ்சு. எதிரொலி என்ற பேச்சே கிடையாது. போன சத்தம் போனதுதான்.

அண்ணன் செருமினார். குழந்தைக்கு விக்கல் எடுத்தது போலிருந்தது.

மறுபடி செருமினார். வேர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "டேய், எனக்கு என்னடா ஆச்சு?" என்றார். பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மற்றதெல்லாம் உத்தரவு.

அந்த இடைவெளியில், பக்கத்திலேயே நின்ற என் மனைவியின் குரல் கேட்டது. எப்போதும் இருக்கிற அளவுதான்.

"ஏறிட்டு வாடி கண்ணு. பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், நீ ஏறு."

மகள் தலையாட்டினாள். மூக்கை உறிஞ்சியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

வெளியே வந்தோம். நீண்ட நடைபாதை. அண்ணன் ஜாக்கிரதையாக ஒரு செருமல் போட்டுப் பார்த்தார். வெண்கலம் திரும்பியிருந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னேனே, புள்ள பறக்கட்டும்னு!"

பறக்கட்டும், பறக்கட்டும் என்றது நடைபாதை. நாங்களும் ஆமோதித்தோம். தீர்ப்பு என்றால் தீர்ப்புதானே.

அவர் முன்னால் வீறுநடை போட, பின்னால் கதவைப் பூட்டிய காவலாளி மகளிடம் கேட்டார்: "இந்த ரூமை வெளியாளுங்களுக்குத் திறக்கவே மாட்டாங்க. மாசக்கணக்கா நடையா நடந்து பர்மிஷன் வாங்குனீங்களே, நெனச்ச வேலை முடிஞ்சுதா மேடம்?"

மகள் சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாமே எதிரொலிக்கும்.