வாய் திறக்காத மணி

தேவாலயக் கோபுரத்தில் தொங்கிய மணிக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. சபைப் பதிவேட்டில் பேர் உள்ளவர் இறந்தால்தான் அது துக்கத்துக்கு ஒலிக்கும். பேர் இல்லாதவருக்கு வாயே திறக்காது.

ஒரு மத்தியானம் ஞானவடிவின் சவப்பெட்டி கீழே தெருவில் போனது. கோயிலில் தாலி கட்டாமல் ஒருவனோடு குடும்பம் நடத்தினாள் என்று எப்போதோ சபையிலிருந்து நீக்கப்பட்டவள் அவள். தூக்கிப்போக நாலு பேர்தான் வந்திருந்தார்கள். பின்னால் வந்த மகள் ஒரு நிமிஷம் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். மணி அசையவில்லை.

"அந்த மகளுக்காகவாவது ஒரு தடவை ஒலித்திருக்கலாம்," என்றது கோபுரத்துப் புறா.

"ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா? அவளுக்கும் இந்தக் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றது மணி.

புறா மணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னது:

"பழைய மணி விரிசல் விட்டதும், உன்னை வார்க்க வீடு வீடாகப் போய் வெண்கலம் கேட்டார்கள். அவள் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. தான் சோறு பொங்குகிற வெண்கலப் பானையை அவளே தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து குவியலில் வைத்துவிட்டுப் போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் உருக்கினார்கள்."



ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கயிற்றை இழுத்தார்கள். "நம்ம மணிக்கு என்ன நாதம்," என்று வாசலில் யாரோ மெச்சினார்கள். மணி கூசிப்போனது. தன் சத்தத்தில் எது அந்தப் பானையுடையது என்று தேடித் தேடிக் கேட்டது. பிரிக்கவே முடியவில்லை.