ஐந்தாவது அறையின் உச்சம்

தடுப்பூசிக் கிடங்கில் ஐந்து குளிர் அறைகள். ஒவ்வொரு அறைக்கும் மிக அதிக வெப்பம் பதிவான ஒரே ஒரு வரியை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் லாரி கிளம்பும். எட்டு டிகிரியைத் தாண்டிய அறையின் சரக்கு மொத்தமும் குப்பைக்குப் போகும்.

நான்கு அறைகள் ஐந்து டிகிரியில் சமர்த்தாக நின்றன. ஐந்தாவது அறைக்கு மட்டும் முப்பத்தேழு வந்தது.

அறிக்கை தயாரிக்கும் கணினிக்காரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு வரியின் வெப்பத்தை இன்னொரு வரியின் அறை எண்ணோடு ஒட்டிவிடும் வழக்கமான தப்பாக இருக்கும் என்று, டேட்டாபேஸைக் கேட்கும் கட்டளையான க்வெரியை அடியோடு மாற்றி எழுதினாள். முப்பத்தேழு அசையவில்லை.

ஸ்டோர்கீப்பரைப் போனில் பிடித்தாள். "அண்ணே, அஞ்சாவது ரூம்ல மனுஷ உடம்புச் சூடு காட்டுது, சென்சாரைக் கையில பொத்தி வெச்சிருக்கீங்களா?"

"நல்லா கேட்டம்மா! பூட்டின ரூம், சாவி என் பையில."

"உள்ள போய்ப் பாருங்கண்ணே, உயிரை வாங்குது."

போனார். "யாரும் இல்லம்மா. கைத் தெர்மாமீட்டர்ல அஞ்சுதான் காட்டுது. சென்சாரைக் கழட்டிட்டேன்."

"டிரைவர் வேற கத்துறாரு. ஏத்திடுங்க."

சென்சார் கோளாறு என்று குறித்து, அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு அறிக்கையை அனுப்பினாள். ஐந்து அறைச் சரக்கும் ஏறியது. லாரிக் கதவுக்கு சீல் வைத்து அனுப்பினார்கள்.

மனசு கேட்காமல் க்வெரியை இன்னொரு முறை ஓட்டினாள். நான்கு அறைகளும் ஐந்து டிகிரியிலேயே இருந்தன. அவற்றுக்குக் கீழே, ஓடிக்கொண்டிருந்த லாரியின் குளிர்ப்பெட்டிச் சென்சார் புதிய வரியாகச் சேர்ந்திருந்தது.

முப்பத்தேழு.