பிளக்கில் படிந்த கரி

"இன்ஜின் மேல ஒரு குத்தமும் இல்ல முதலாளி. ஓட்டின ஆள் மேலதான் குத்தம்."

மெக்கானிக் கழற்றிய நாலு ஸ்பார்க் பிளக்கையும் பழைய துணியில் வைத்துக் காட்டினார். நாலும் கன்னங்கரேலென்று இருந்தன. பிளக்கின் முனையைப் பார்த்தே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அதனால் அவரை எல்லோரும் 'பிளக் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

துணிக்கடை முதலாளி குனிந்து பார்த்தார். சில நாட்களாகவே அவருடைய பழைய கார் திக்கித் திணறிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றால் அணைந்துபோனது.

"புரியற மாதிரி சொல்லும் டாக்டரே."

"நல்லா ஓடற வண்டியில பிளக் முனை பிஸ்கட் நிறத்துல இருக்கும். ரொம்பச் சூடானா வெளுத்துப்போகும். ஆயில் உள்ள இறங்கினா பிசுபிசுன்னு இருக்கும். இது பாருங்க, காஞ்ச கரி." விரலால் தடவினார். மை போல ஒட்டியது. "கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்த்துட்டேன். சரியா இருக்கு. இன்ஜின் சூடாகறதுக்குள்ள நிறுத்தறது, மறுபடி ஸ்டார்ட் பண்றது, கொஞ்சம் உருட்டறது, மறுபடி நிறுத்தறது... தினம் இதே வேலை நடந்திருக்கு. கிளட்ச் வேற தேஞ்சிருக்கு."

"என் டிரைவர் அப்படி ஓட்டற ஆள் இல்லையே?"

"அவர் ஓட்டியிருக்க மாட்டார். ஓட்டத் தெரியாத யாரோ பழகியிருக்காங்க." மெக்கானிக் சிரித்தார். "உங்களைக் கடையில விட்டா சாயங்காலம் வரைக்கும் வண்டி அவர் கையிலதானே? தனியா டிரைவிங் ஸ்கூல் நடத்தறாரோ என்னவோ!"

விளையாட்டாகச் சொன்னதுதான். முதலாளிக்குச் சுருக்கென்று தைத்தது. வாசலில் நின்ற டிரைவரை உள்ளே கூப்பிட்டார்.

"என் வண்டியில யாருக்காவது ஓட்டக் கத்துக்கொடுத்தியா?"

டிரைவர் பிளக்குகளைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா."

"யாருக்கு?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்வளவு வாங்கின?"

"காசெல்லாம் வாங்கலைங்கய்யா."

"சும்மா கத்துக்கொடுக்க நீ என்ன தர்மப்பிரபுவா? யாருன்னு சொல்லு, விட்டுடறேன்."

"அதை மட்டும் கேக்காதீங்கய்யா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"சம்பளம் நான் கொடுக்கறேன், வாக்கு இன்னொருத்தருக்கா? திருட்டுப் பய! சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

டிரைவர் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"முதலாளி, நான் சும்மா கிண்டலுக்குத்தான்..." என்று மெக்கானிக் இழுத்தார். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். "டிரைவரை நிறுத்திட்டேன். என் வண்டியை வெச்சுத் தனியா சம்பாதிச்சிருக்கான்."

மனைவிக்கு முகம் வெளிறியது. "ஏங்க, தீர விசாரிச்சீங்களா?"

"அவனே ஒத்துக்கிட்டான். இங்க ஒருத்தரும் அவனை வேலைக்கு வெச்சுக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இனிமே அவன் பேச்சே இந்த வீட்டுல வேண்டாம்."

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடுமுறை மத்தியானம். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த முதலாளி அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்தில் மனைவி.

"இதயத்துல அடைப்பு. எடுத்தாச்சு," என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல. நேரத்துக்குக் கொண்டுவந்தாங்களே, அவங்களுக்கு நன்றி சொல்லுங்க."

டாக்டர் போனதும் முதலாளி கேட்டார். "யார் கொண்டுவந்தது?"

"நான்தான். ஆம்புலன்ஸ் வர்ற வழியில மாட்டிக்கிச்சு. நம்ம கார்லயே கொண்டுவந்தேன்."

"நீயா? உனக்கு எப்படி..."

அவள் உடைந்து அழுதாள்.

"உங்க டிரைவர்தான் கத்துக்கொடுத்தார். நீங்க கேலி பண்ணுவீங்கன்னு, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் வாக்கு வாங்கிக்கிட்டேன். நீங்க அவரைத் துரத்திட்டேன்னு வந்து நின்னீங்களே, அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துபோய் வாயை மூடிக்கிட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?"

"முதல்ல அவருக்குப் போன் பண்ணு."

"போன் போகல. பிளக் டாக்டரே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தார். பூட்டிக்கிடக்காம். இங்க யாரும் வேலை கொடுக்கலைன்னு குடும்பத்தோட எங்கேயோ கிளம்பிப் போயிட்டாங்களாம். என் வாயாலதான் எல்லாம்னு பிளக் டாக்டர் தலையில அடிச்சுக்கறார்."

முதலாளி மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"கார் ஓட்டணும்னு உனக்கு ஆசை இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எனக்கு எங்க ஆசை? ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயம். டிரைவர்தான் விடாம நச்சரிச்சார். 'கத்துக்குங்கம்மா, ஐயாவுக்காகக் கத்துக்குங்க'ன்னு. உங்களுக்கு என்னன்னு கேட்டா, வேற பேச்சுக்குத் தாவிடுவார். அவர் ஏன் அப்படிச் சொன்னார்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமாங்க?"

முதலாளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முன்பொரு நாள் காரின் பின்சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, "வீட்டுல மூச்சு விடக் கூடாது" என்று அந்த டிரைவரிடம் சத்தியம் வாங்கியவர் அவர்தான்.