மாரவில தாண்டாத வேன்

வேன் மறுபடியும் நின்றது.

"இப்ப என்னத்துக்கு நாநா?" என்று பின்சீட்டில் இருந்து எட்டிப் பார்த்தாள் ஸக்கியா.

"புள்ளைகளுக்கு ஐஸ்கிரீமாம்," என்றார் சாரதி ஜபார்.

கொச்சிக்கடையில் தேத்தண்ணி. பாலம் தாண்டியதும் தொதல் இனிப்புக் கடை. இப்போது வென்னப்புவயில் ஐஸ்கிரீம். ஸக்கியாவுக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

தங்கச்சி இல்மாவுக்கு இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். புத்தளம் டவுன் ஹோட்டலில். புருஷனுக்கு லீவு கிடைக்காமல் தோஹாவிலிருந்து தனியாக வந்திறங்கிய ஸக்கியாவை ஏற்றிப்போக வீட்டில் ஆளில்லை. எல்லாரும் கல்யாண வேலையில். டாக்ஸிக்காரன் சொன்ன விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. இத்தனை பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் விடுவானா?

ஆனால் புத்தளத்தாருக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் ஊர் வேன் ஒன்று எப்படியும் கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் நிற்கும். தேடிப் பிடித்து, "தில்லையடிப் பக்கம்தானே நாநா?" என்று கேட்டால் போதும். பஸ் காசுக்கு வாசலிலேயே கொண்டுபோய் இறக்குவார்கள்.

கெட்டித்தனம் என்று நினைத்துத்தான் ஏறினாள்.

வேனை ஹயர் பிடித்தவர் புத்தளத்துக்கு அப்பால் எத்தாளை ஊர் அத்தாஉல்லா. அவருடைய மனைவி ஸபீனா முதன்முதலாக இன்றைக்குத்தான் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். அவளை விட்டுவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு திரும்புகிறார்.

திரும்புகிற ஆள் மாதிரியா தெரிகிறது? கண்ட கடையில் எல்லாம் இறங்குகிறார்.

இல்மா கோல் எடுத்தாள்.

"ராத்தா, எங்க நிக்கிறீங்க?"

"வென்னப்புவ."

"இன்னமுமா? மேக்கப் போட ஆள் வந்துட்டா. நீங்க வந்து கையப் புடிக்காம நான் மேடைக்கு ஏற மாட்டன், சொல்லிட்டன்."

"வந்துருவன்டி. இங்க ஒருத்தர் ஊர் சுத்திப் பாக்குறார்."

அது கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். அத்தாஉல்லாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மாரவில வந்தது. "ஜபார் நாநா, கடல் பக்கம் கொஞ்சம் விடுங்க. புள்ளைகள் கால் நனைக்கட்டும்," என்றார் அவர்.

ஸக்கியாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் நாநா, எத்தாளையில கடல் இல்லியா?"

"இரிக்கி தங்கச்சி."

"அப்ப இது என்ன, இனிப்புக் கடலா?"

ஜபார் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு வேனை மணல் ஓரமாக நிறுத்தினார். பிள்ளைகள் ஓடின. அத்தாஉல்லா வேனை விட்டு நகரவில்லை. கடலையும் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்ப்பதும் துடைப்பதுமாக நின்றார்.

"பொண்டாட்டி இன்னும் பிளேன் ஏறல்ல," என்று ஜபாரிடம் முணுமுணுத்தாள் ஸக்கியா. "அவ ஊரான்ட வீட்ட கூட்டப் போறா. இவர் டூர் போறார். நல்ல குடும்பம்."



அப்போதுதான் அத்தாஉல்லாவின் கையிலிருந்த போன் அடித்தது.

"ஓம்... ஓம்... அழாத புள்ள. நிக்கிற இடத்திலயே நில்லு. நாங்க கிட்டத்தான் நிக்கிறம்."

யாரும் சொல்லாமலே ஜபார் பிள்ளைகளைக் கூப்பிட்டார். எல்லாரும் ஏறியதும் வேனைத் திருப்பினார். மெயின் ரோட்டில் ஏறியதும் வேன் வந்த வழிக்கே முகம் காட்டியது.

"ஆ, புத்தளம் எப்ப இந்தப் பக்கம் வந்த?" என்றாள் ஸக்கியா.

அத்தாஉல்லா திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"மாப்புச் செய்யுங்க தங்கச்சி. உங்கள இந்தச் சந்தியில பஸ் ஏத்திர்றம். காசு வேணாம்."

"ஏன், என்ன நடந்த?"

"'நீங்க வாசல்ல நிண்டா என்னால உள்ள போக ஏலா, புள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருங்க' எண்டு அவதான் துரத்தின. 'சரி, போறன். ஆனா நீ பிளேன் ஏறும் மட்டும் மாரவில தாண்ட மாட்டன், மனசு கேக்காட்டி ஒரு கோல் எடு' எண்டு சொல்லிட்டுத்தான் வந்தன். இப்ப எடுத்துட்டா, போக மனசில்லியாம்."

"வேலைக்கு அனுப்புற ஏஜென்ட் கத்துவானே," என்றார் ஜபார்.

"என்னோடதானே கத்துவான். கத்தட்டும்."

சந்தியில் வேன் நின்றது. எதிர்ப்பக்கம் புத்தளம் பஸ் வருவது தெரிந்தது. ஜபார் இறங்கிக் கையைப் போட்டு பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் பெட்டிகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். ஆனாலும் ஏறச் சொன்னான்.

ஸக்கியா கதவில் கையை வைத்தபடி கேட்டாள்.

"எந்த வாசலால வருவாவாம்?"

"தெரியா தங்கச்சி. அவக்கும் தெரியா. உள்ளுக்கு ஒரு மூலையில நிண்டு அழுகுறா. நானும் உள்ள போய்ப் பாத்ததில்ல."

சின்னவள் ஐஸ்கிரீம் ஒட்டிய வாயோடு கேட்டாள். "வாப்பா, உம்மா வாறாவா?"

பஸ் ஹோன் அடித்தது. ஸக்கியாவின் போனும் அடித்தது.

"ராத்தா, எங்க?"

எயார்போர்ட் வழியெல்லாம் தெரிந்த ஸக்கியா, இறங்காமல் வேன் கதவை இழுத்து மூடினாள். திருப்பிப் போகச் சொல்லி ஜபாருக்குக் கையைக் காட்டினாள்.

"இல்மா, மேக்கப்ப மெதுவாப் போடச் சொல்லு. எங்கட ஆள் ஒருத்தர ஏத்திட்டு வாறம்."