எட்டாத உயரம்

விளையாட்டு அறைக்கான ஒவ்வோர் அளவையும் தேவநேசன் தன் ஐந்து வயது மகள் ஜெனியை நிற்கவைத்தே எடுத்தான். கரும்பலகை அவள் நெஞ்சு உயரத்தில், பொம்மைத் தட்டு கைக்கு எட்டும்படி, ஊஞ்சலில் உட்கார்ந்தால் கால் தரையில் படும்படி. "புள்ளைக்காக இவ்வளவு பாக்குறவங்கள நான் கண்டதில்ல சார்" என்று ஆசாரி செல்லையா சொன்னபோது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியாகக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் பாக்கி.

"தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா சார்?"

அவன் வாய் திறப்பதற்குள் ஜெனி முந்திக்கொண்டாள். "வெளியதான் மாமா. நான் அழுதா அப்பா என்னை உள்ள விட்டுத் தாப்பா போட்டுருவாங்க."

சொல்லிவிட்டு, அளவெடுக்க நின்று பழகியபடியே கதவில் முதுகை ஒட்டி, நுனிக்காலில் எக்கிக் கையை நீட்டினாள். "இதுக்கு மேல வைங்க. எனக்கு எட்டக் கூடாது."

தேவநேசன் தரையில் கிடந்த மரச்சீவல்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். செல்லையா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"நீங்களே குறிச்சுக் குடுங்க சார்."

ஜெனி இன்னும் கையை இறக்கவில்லை.